ரெஜிலா என்ற கணக்கு

ஆரல்வாய்மொழியில் ஆடிக்காற்று.
ஆய்வக ஜன்னலுக்கு அட்டை மடித்து முட்டுக்கொடுத்திருந்தோம்.
பன்னிரண்டு பேர்.
வங்கி, துறைமுகம், மின்வாரியம் என்று
காவல் காத்தே கண் பழுத்தவர்கள்,
ஐந்து நாள் திருடக் கற்கிறோம்.

இலக்கு ஒரு காற்றாலைக் கம்பெனி.
இல்லாத கம்பெனி.
எழுபத்தொரு ஊழியர்கள், எல்லாரும்
மாஹீன் சார் சர்வரில் பெற்றுப்போட்ட பிள்ளைகள்.
"உள்ள போணும், தடம் தெரியாம வரணும்.
அவ்வளவுதானாக்கும்."

இரண்டு நாள் சுவரைத் தட்டினேன்.
அசையவில்லை.
ஒவ்வொரு தட்டலுக்கும் அடுத்த அறையில்
நீலக் குழு பெர்க்மான்ஸ் நாக்கைச் சொடுக்குவது கேட்டது.

மூன்றாம் நாள், யாரும் அணைக்க மறந்த
ஒரு பிரிண்டர் வழியே போய்
ரெஜிலாவின் மெயில் பெட்டியில் விழுந்தேன்.
கணக்குப் பிரிவு. நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்.
மகனுக்கு அம்மை, மூன்று நாள் விடுப்பு.
சம்பள முன்பணம், மறுபடி முன்பணம்.
கொயர் பயிற்சிக்கு ஐந்து மணிக்கே போக அனுமதி.
கேன்டீன் சாம்பாரின் உப்பைப் பற்றி
ஒன்றரைப் பக்கம்.

கட்டன் சாயா ஆறும்வரை படித்தேன்.
பிறகு அவள் மகனின் பள்ளியாக மாறி
மூன்றே வரி எழுதினேன்:
பையன் வாந்தி எடுத்தான்.
ஆஸ்பத்திரிப் படிவத்துக்கு ஒப்புதல் வேண்டும்.
கீழே அழுத்தவும்.

பதினோரு விநாடி.
அழுத்தினாள்.

அதன்பின் எல்லாம் இறக்கம்தான்.
திரையில் நாற்பது காற்றாலைகள் நின்றன.
வெளியே ஒன்றும் நிற்கவில்லை,
முப்பந்தல் வரைக்கும் சுற்றிக்கொண்டிருந்தன.
பெர்க்மான்ஸ்கூட கைதட்டினான்.

சாம்பார் கடிதம் யார் எழுதியது சார்?
"மத்ததெல்லாம் ஸ்கிரிப்ட். சாம்பார் மட்டும் நான்."

அறிக்கையில், ஊடுருவலின் காரணம் என்ற இடத்தில்
ஊழியரின் கவனக்குறைவு என்று
முன்னமே அச்சாகியிருந்தது.
டிக் மட்டும் போட வேண்டும்.
பதினான்கு வருஷமாய்ப் போட்ட டிக்.
அதை அடித்துவிட்டு எழுதினேன்:
மகனுக்கு வாந்தி என்று சொன்னேன்.

தோவாளையில் காலிப் பூக்கூடைகள் பஸ் ஏறின.
போன் அதிர்ந்தது. மகளின் பள்ளி.
ஒரு வரி, அதன்கீழ் நீலத்தில் ஒரு இணைப்பு.
படித்து முடிக்குமுன்பே
கட்டைவிரல் கிளம்பியிருந்தது.
பிடித்து நிறுத்தி
பள்ளிக்கே கூப்பிட்டேன்.
லைன் பிஸி.
மறுபடியும் பிஸி.
வெள்ளமடம் போயிற்று.
விரல் இன்னும்
அந்தரத்தில்.