சாப்பாட்டுக்குப் பின் மூன்று

மாத்திரை போடும் சின்ன உறைகளில்
சொற்களை எழுதி வீட்டுக்குக் கொண்டுவருகிறேன்.
உறைக்கு ஒன்று.
காலை இரண்டு, இரவு மூன்று,
சாப்பாட்டுக்குப் பின்.
சுன்னாகத்துப் பாமசியில் பதினாறு வருடம்
மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்த அதே கையெழுத்து.

நாற்பத்திரண்டு வயதில்
இங்கிலிஸ் சோதனை எடுக்கப்போகிறேன் என்றதற்கு
முதலாளி கிருபானந்தன் சிரிக்கவில்லை.
பழுதான உறைக்கட்டு ஒன்றைத் தூக்கித் தந்தார்,
விலாசம் பிழையாக அச்சடித்தது.

யுபிக்குவிற்றஸ்.
எங்கு பார்த்தாலும் இருப்பது.
உதாரணத்துக்குப் பனடோல் என்று எழுதினேன்.
பிறகு வெட்டிவிட்டுக்
கனடாக் கதை என்று மாற்றினேன்.

என்குறோச்.
மெல்ல மெல்ல அடுத்தவர் இடத்துக்குள் புகுதல்.
இதற்கு அகராதி தேவைப்படவில்லை.
மாரி முடிந்து வேலி அடைக்கும்போது
கதியால் ஒரு சாண் தள்ளி நிற்கும்.
காலில்லாமல் நடக்கிற மரம்
எங்கள் ஊர்க் கிளுவைதான்.

லிற்றிஜியஸ்.
வழக்காடுவதில் விருப்பமுள்ள.
சிரித்ததில் தேத்தண்ணி புரைக்கேறியது.
இதைத் தனியே ஒரு குணமென்று
இங்கே யார் எண்ணினார்கள்?

எஸ்றேஞ்ட்.
முன்பு நெருங்கியிருந்து, இப்போது விலகிப்போன.
அகராதி நாலு சொல் செலவழிக்கிறது.
நாங்கள் இரண்டோடு முடித்துவிடுவோம்:
கதைபேச்சு இல்லை.

பகீரதிக்கும் எனக்கும் ஏழு வருடமாக இல்லை.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்,
முக்கால் குழி நிலம்,
மல்லாகம் கோட்டில் பதின்மூன்று தவணை.
தீர்ப்புக்குப் பிறகு கிளுவை போய்த் தகரம் வந்தது.
கிணறு மட்டும் இன்னும் பங்கு.
அவளுடைய மோட்டர் ஆறு மணிக்கு,
என்னுடையது ஏழுக்கு.
ஒருநாளும் பிசகியதில்லை,
யாரும் பேசித் தீர்மானித்ததுமில்லை.

பேச்சுப் பரீட்சைக்கு ஒரு மாதிரிக் கேள்வி:
உங்கள் அயலவர் ஒருவரைப் பற்றி
இரண்டு நிமிடம் கதைக்கவும்.

கரண்ட் போயிருந்தது.
குசினிப் படியில் இருந்து
போனில் நேரத்தை வைத்துவிட்டு
இங்கிலிசில், சத்தமாகத் தொடங்கினேன்.
என் அயலவள் கச்சேரியில் கடிதங்கள் அடிப்பவள்.
அவளுக்கு நாய் பிடிக்காது.
அவளுடைய இருமல் மாரியில் மட்டும் வரும்.
அவள் நட்ட மல்லிகை
எங்கள் பக்கத்திலும் பூக்கிறது, நான் பிடுங்குவதில்லை.
ஒரு நிமிடமும் ஐந்து செக்கனும் போயிருந்தது.
மிச்சத்தை நிரப்ப ஒரு பெரிய சொல் வேண்டும்.
கைக்கு வந்த உறையைப் பிரித்தேன்.
அவள் பிடிவாதத்தின்
எப்பிற்றோம்.

தகரத்துக்கு அங்கால்
வாளியின் சத்தம் நின்றது.

"எபிற்றமி."

அவ்வளவுதான்.
கருத்தை அவள் திருத்தவில்லை,
உச்சரிப்பை மட்டும்.
போன் அடித்து ஓயும்வரை
நான் படியைவிட்டு எழும்பவில்லை.

விடிய, ஆறுக்கு அவளுடைய மோட்டர்.
ஏழுக்கு என்னுடையது.

மத்தியானம் பாமசிக்கு ஒருவர் திரும்பி வந்தார்.
சீனி வருத்தத்துக்குக் கொடுத்த குளிசைகள்
அந்த உறைக்குள் போயிருக்கின்றன.
கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"பிள்ளை, இது காலமையோ, இரவோ?"
இரவு என்று சொல்ல வாய் வந்தது.
மன்னிப்புக் கேட்டு
உறையை மாற்றிக் கொடுத்தேன்.

இன்றைக்கு மூன்றில் முதலாவது, சற்றில்.
நுட்பமான; எளிதில் புலப்படாத.
நடுவில் ஓர் எழுத்து நிற்கும்,
வாய் அதைத் தொடக்கூடாது.
எனக்கு அது வடிவாகத் தெரியும்.
என்றாலும் குசினிப் படியில் இருந்து
அந்த எழுத்தையும் அழுத்தி,
முழுப் பிழையாக,
வேலியைப் பார்த்து வாசித்தேன்:
சப்டில்.

இன்னொரு தரம்.
சப்டில்.

அங்கால் ஓர் இருமல்.
இது பங்குனி.