கலெக்டர் சாப்பிட்டாச்சா

சேவுகனுக்குக் கொடுத்தது பதினெட்டாயிரம்.
திரும்பி வந்தது
ஒரு மட்டக்குதிரை, ஒரு கடிவாளம்,
தேவகோட்டைப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்து
வாங்கிய குத்துவிளக்கு.
குத்துவிளக்கை மறுநாளே
அவன் மனைவி வந்து வாங்கிப்போனாள்.

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்.
கடனுக்கு வந்த குதிரைக்கு
அப்படியொன்றும் இல்லை.
ஆனாலும் நான் பார்க்கவில்லை.
"வயசு பன்னிரண்டு" என்றான்.
தலையாட்டினேன்.
குதிரையும் ஆட்டியது.

பெயர் கலெக்டர். வைத்தது அவன்.
கண்டனூரில்
இரண்டு தெரு நீளும் பூட்டிய வீடொன்றின்
பின்சுவரில் சாய்த்துப் போட்ட கொட்டில்.
புதுவயல் அரிசி ஆலைக்கு நான் கிளம்புகையில்
"கலெக்டர் சாப்பிட்டாச்சா?" என்று
உள்ளேயிருந்து வள்ளிக்கண்ணு கத்துவாள்.
பஸ்ஸுக்கு நிற்பவர்களில் புதியவர்கள்
திரும்பிப் பார்ப்பார்கள்.

ஐப்பசி மழை நாலு நாள் பெய்து
வெறித்த காலையில்
கொட்டிலுக்குப் பின்னால் குவித்த லத்தியில்
பச்சைப் பசேலென்று கொள்ளு முளைத்திருந்தது.
ஒன்றிரண்டு அல்ல, ஒரு பாத்தி.
நான் ஊறவைத்து வைத்த கொள்ளெல்லாம்
உள்ளே போய்
ஊர் பார்த்துவிட்டு
முழுசாய் வெளியே வந்திருக்கிறது.

அப்புறம்தான் கண்ணில் பட்டன
தொட்டியைச் சுற்றி
மென்று துப்பிய புல் உருண்டைகள்,
நனைந்த சுருட்டுத் துண்டுபோல.
அத்தனை நாளும்
எலி வேலை என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் ஜெனோவா
காரைக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்தார்.
நாக்கை ஒரு பக்கமாய் இழுத்துப் பிடித்து
மணிக்கட்டு தாண்டிக் கையை உள்ளே விட்டார்.
"இதுக்கா பதினாலு வயசு?
இருபத்தாறுக்குக் குறையாது."
கடைவாய்ப் பல்லெல்லாம்
கரைந்த சோப்புபோல் வழுக்குகிறதாம்.
மேலே ஒன்று விழுந்துவிட்டதால்
அதற்கு நேர் கீழே இருப்பது
உரச ஆளில்லாமல்
தன்பாட்டுக்கு வளர்ந்து குத்துகிறதாம்.
அரத்தை எடுத்து ராவினார்.
பீங்கானில் கரண்டி இழுபடும் சத்தம்.
எனக்குப் பல் கூசியது.

இனி நீளப் புல் கூடாது, வைக்கோல் கூடாது,
தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.
ஆகவே
கொள்ளுக்குக் குக்கரில் ஏழு விசில்.
மத்தால் கடைந்து,
ஆலையில் சலித்த தவிடு இரண்டு படி,
ராத்திரியே ஊறிய கடலைப் புண்ணாக்கு,
உப்பு கொஞ்சம்.
சூடு பொறுக்குமா என்று
புறங்கையில் விட்டுப் பார்க்கிறேன்.
"நம்ம பிள்ளைக்கு
ஒருநா இப்புடிப் பாத்திருப்பியளா?"
என்கிறாள் வள்ளிக்கண்ணு.
பார்த்ததில்லை.

ஒரு வாளிக்கு முக்கால் மணி நேரம்.
உதட்டால் துழாவி, நாக்கால் வழித்து,
பாதியைக் கடைவாயில் ஒழுகவிட்டு,
ஒழுகியதைத் தேடித் தரையை முகர்ந்து,
நடுவில் எதையோ யோசித்து நின்றுவிடுகிறது.
அவசரப்படுத்த முடியாது.
வாளியை நகர்த்தினால்
காதைப் பின்னுக்கு மடக்குகிறது.
"ஏன் லேட்டு?" என்றார் மேனேஜர்.
"கலெக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது."
முதல் தடவை
உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

இரண்டு வருஷமாய்
எதிரே வந்தால் சைக்கிளைச் சந்துக்குள் திருப்பும் சேவுகன்
நேற்று கொட்டில் வாசலில் நின்றான்.
வாளியிலிருந்து தலை நிமிர்ந்தது கலெக்டர்,
தாடையில் கஞ்சி சொட்ட.
அவன் மூச்சு விடும் விதம்கூட
அதற்குத் தெரிந்திருக்கும்.
கிட்டே வரவில்லை அவன்.
லத்திக் குவியலில் பூத்துவிட்ட கொள்ளுச் செடியைப்
பார்த்துக்கொண்டே சொன்னான்:
"வெல்லம் போட்டாத்தான்
அடிவரைக்கும் திங்கும்."
வயதைப் பற்றி நானும் கேட்கவில்லை,
பதினெட்டாயிரம் பற்றி அவனும் பேசவில்லை.

இன்று ஓர் அச்சு வெல்லம் உடைத்துப் போட்டேன்.
அடிவரை நக்கி,
வாளியை உருட்டிவிட்டு,
மூக்கெல்லாம் தவிடாய்
என் சட்டையில் துடைத்தது.

பஸ் போய்விட்டது.
அடுத்தது ஒன்பதே காலுக்கு.