நாற்பத்திரண்டு எட்டு

பழைய வீட்டு வாசலிலிருந்து
நாற்பத்திரண்டு எட்டு.
மழையென்றால் சாக்கடையைத் தாண்ட
இரண்டு கூடும்.

காலை பதினொன்றே முக்காலுக்குப்
பெட்டிகள் இறங்கும்.
பாட்டிலோடு பாட்டில் உரசும் கிணுகிணுப்பு
எங்கள் சுவருக்குள்ளேயே கேட்கும்.
கடிகாரம் வேண்டாம்.
பன்னிரண்டு ஆனதை
என் நாக்கடி சொல்லும்.
மகன் காலி பாட்டில் பொறுக்கிக் கொடுத்து,
ஒன்றுக்குப் பத்து ரூபாய் என்று சேர்த்து,
ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினான்.
அதில் பாதி நான் குடித்துப் போட்டது.

தீர்த்தகிரி என்பது என் பெயர்.
தீர்த்தமலைச் சாமிக்கு
அம்மா நேர்ந்துகொண்டு வைத்தது.
சந்தில் அதை நறுக்கி
'தீர்த்தம்' ஆக்கிவிட்டார்கள்.
கூப்பிடும்போதே ஊற்றிவிட்டது போலிருக்கும்.

நாற்பது நாள் வேறோர் ஊரில் வைத்திருந்தார்கள்.
சுண்ணாம்பு அடித்த கூடம், எட்டுக் கட்டில்,
சன்னலுக்கு வெளியே ஒரு மாட்டுக்கொட்டகை.
அங்கே குடிக்காமல் இருப்பது
ஒரு வேலையாகவே இல்லை.
அடுத்த கட்டிலில் மாதையன்.
எங்கள் சந்துக்காரன்தான்.
ஒரே மாத்திரை, ஒரே கஞ்சி,
ஒரே தேதியில் விட்டார்கள்.

அதற்குள் சென்னம்மா வீடு பார்த்திருந்தாள்.
புரோக்கர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறான்:
"தண்ணி வருமான்னு கேக்கல,
மீட்டர் தனியான்னு கேக்கல.
சன்னலத் தெறந்து தலைய நீட்டிக்கிட்டு
அப்படியே நின்னுச்சு அந்தம்மா.
புளி மண்டிக்கு எந்த வழியாப் போவணும்னு கேட்டு
அந்த வழிய நடந்தே பாத்துச்சு."
ஏழு வீட்டை அப்படி நடந்து கழித்தாள்.

எட்டாவது இது.
குமாரசாமிப்பேட்டை தாண்டி, தண்டவாளத்து ஓரம்.
தகரக் கூரை. ஒகேனக்கல் தண்ணீர்
நாலு நாளைக்கு ஒருமுறை.
ரயில் போனால் டம்ளர் நகரும்.
வாடகை மூவாயிரத்து ஐந்நூறு,
அட்வான்ஸ் இருபதாயிரம்.
அவள் காதில் இப்போது வேப்பங்குச்சி.

முதல் வாரம்
பன்னிரண்டு மணிக்கு நாக்கடி விழித்துக்கொண்டு
பெட்டிச் சத்தத்துக்காகக் காத்துக் கிடந்தது.
வந்தது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்.
ஒன்று, இரண்டு, மூன்று.
பருப்பு வாசனை.

இங்கிருந்து அந்தக் கடைக்கு இரண்டரை கிலோமீட்டர்.
நடுவில் பஞ்சர் கடை, ஒரு கறுப்பு நாய்,
ரேஷன் வரிசை. ரயில்வே கேட் சாத்தியிருந்தால்
பத்து நிமிடம் சும்மா நிற்கவேண்டும்.
குடிக்காமல் இருப்பது நானில்லை,
அந்தத் தூரம்தான்.

ஒருநாள் தூரமும் தோற்றது.
தை மாதக் கூலி, கையில் முழுசாக.
கேட் திறந்தே இருந்தது.
திரும்பி வந்தபோது
பக்கத்து வீட்டு நர்ஸ் ரெஜினா
வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் காலை அவள் பையன் வந்து
"தீர்த்தகிரி மாமா, செயின் கழண்டுருச்சு" என்றான்.
முழுப் பெயர்.
கை நடுங்க நடுங்க மாட்டிக் கொடுத்தேன்.

மாதையன் பழைய சந்துக்கே போயிருந்தான்.
அவனுக்கு வேறு வீடு இல்லை.
பதினோராம் நாளே கடையில் பார்த்ததாகச் சொன்னார்கள்.
மார்கழியில் தூக்கிப் போனார்கள்.

"மனவுறுதி இல்லாத பய" என்றார் மண்டி முதலாளி,
மூட்டைமேல் கணக்கு நோட்டை வைத்தபடி.
"நீ ஆம்பளடா."
நான் பேசாமல் புளி மூட்டைக்குத் தோளைக் கொடுத்தேன்.
எனக்கிருந்தது மனவுறுதி இல்லை, முதலாளி.
இருபதாயிரம் அட்வான்ஸ்.

நேற்று
எதிரே நெடுநாள் பூட்டிக் கிடந்த ஷட்டரைத் தூக்கி
இரண்டு பேர் டேப் பிடித்து அளந்தார்கள்.
ஒருவன் காதில் போன்.
சென்னம்மா தட்டிக்கொண்டிருந்த புளியை அப்படியே விட்டுப்
பிசுபிசுத்த கையோடு தெருவில் இறங்கினாள்.
ரெஜினாவும் யூனிஃபார்மோடு வந்து நின்றாள்.
"என்ன கடைங்க வருது?"

நான் எழுந்திருக்கவில்லை.
வாசற்படியில் உட்கார்ந்தபடியே
கண்ணால் நடந்து பார்த்தேன்.

முப்பத்தொன்று.