காதுக்குறி இல்லாத மந்தை

தோர்கிரிம் வந்துவிட்டார். ஒரு பெட்டி, ஒரு கறுப்புக் குழல்,
முழங்கால்வரை லியெர்னே மலையின் சேறு.
ஆந்தா கொம்பைப் பிடித்துச் சாய்க்கிறான்.
பின்தொடை மயிரை நான் விலக்கிக் கொடுக்கிறேன்.
குழலை அங்கே அழுத்திவைத்து
எல்லோரும் வாய்மூடி நிற்கிறோம் ஒரு நிமிடம்.
பனிமானும் நிற்கிறது,
அதற்கு மட்டும் ஏன் என்று தெரியாது.

நான் அம்மா வயிற்றில் ஏழு மாதம்.
தென்கிழக்கே எங்கோ ஓர் உலை வெடித்து
மேகம் நார்வேக்கு வந்து இறங்கியது.
மழை மழையாகத்தான் இருந்ததாம்,
நிறமில்லை, வாடையில்லை.
வேரில்லாத கல்பாசிக்கு மழைதானே சோறு,
வாய் திறந்து வாங்கிக்கொண்டது.
பாசியை மான் தின்றது.
மானை நாங்கள் தின்னவில்லை, அந்த வருஷம்.
இறைச்சியில் நீலச் சாயம் ஊற்றிப்
பண்ணை நரிகளுக்கு அனுப்பினார்கள்.

சீசியம் என்று பேர்.
நடுவில் ஐம்பத்தைந்து புரோட்டான்,
எண்பத்திரண்டு நியூட்ரான்,
பனிப்புயலில் ஒண்டிய மந்தைபோல அப்படி ஒரு நெருக்கம்.
எலக்ட்ரான்களோ எங்கோ எட்டத்தில்.
இடையில் இருப்பதெல்லாம் வெறும் வெளி,
மேய்ச்சலுக்கு உதவாத வெளி.
கடைசிச் சுற்றில் ஒன்றே ஒன்று,
எந்நேரமும் வேலி தாண்டுகிற ரகம்.
பொட்டாசியத்துக்கும் அப்படி ஒன்று உண்டு.
உடம்பு வாசலில் நின்று
முகத்தை மட்டும் பார்த்து உள்ளே விடுகிறது,
உட்கருவை எட்டிப் பார்ப்பதில்லை.
வந்தது தசைக்குள் போய் உட்காருகிறது
சொந்தக்காரன் மாதிரி.

என் மானுக்குக் காதில் வெட்டுக்குறி உண்டு,
கீழே ஓர் அரைவட்டம், நுனியில் ஒரு பிளவு.
ஆயிரத்தில் விட்டாலும் சொல்லிவிடுவேன்.
இவற்றுக்குக் குறியில்லை. ஒன்று போலவே மற்றது.

அதனால்தானோ என்னவோ,
அடுத்து உடையப்போவது எது என்று ஒருமுறை கேட்டதற்குத்
தோர்கிரிம் தோளைக் குலுக்கினார்.
"யாருக்கும் தெரியாது, லைசா. அதற்கே தெரியாது."
உள்ளே ஒரு நியூட்ரான் திடீரென்று புரோட்டான் ஆகும்,
ஓர் எலக்ட்ரானைத் துப்பும்.
இப்போது ஐம்பத்தாறு. பேரே மாறிவிட்டது, பேரியம்.
புது உட்கரு பதற்றம் தணிய ஒரு கதிரை வீசும்,
குழலுக்குக் கேட்பது அதுதான்.
டிக்.
நொடிக்கு ஓர் அணு உடைந்தால் ஒரு பெக்கரல்.

முப்பது வருஷத்தில் பாதி, அதுதான் கணக்கு.
எனக்கு முப்பது ஆனபோது
அந்த மழையில் வந்ததில் பாதி பேரியமாகிவிட்டது.
பாதி அப்படியே இருந்தது.
அப்படியே என்றால் அப்படியே.
எனக்கு அதற்குள் முழங்கால் பிடிக்க ஆரம்பித்திருந்தது.
முப்பது வருஷம் காத்திருந்த அணுவுக்கும்
நேற்று உண்டான அணுவுக்கும்
நாளை உடைவதற்கான வாய்ப்பு ஒன்றே.
தளர்ச்சி கிடையாது.
இனி என் முறை என்ற நினைப்பும் கிடையாது.
இதை யோசித்து ஓர் இரவு எனக்குத் தூக்கம் போனது.
பயமில்லை. பொறாமை
என்றுதான் சொல்ல வேண்டும்.

நாலாயிரத்து நூறு.
"இந்த வருஷம் காளான் மிகுதி" என்கிறார் தோர்கிரிம்,
காளானை அவரே விதைத்ததுபோல் குரல் தாழ்த்தி.
மூவாயிரம் தாண்டினால் கத்தி வைக்கக் கூடாது.
ரிஸ்தினின் விருந்துக்கென்று ஒதுக்கிய கடா இது.
நான் தலையாட்டுகிறேன்.
வேலிக்குள் அடைத்து, பாசி மறுத்துத் தீவனம் போட்டு,
நீல உப்புக்கட்டி வைக்க வேண்டும்.
ஓவியர்கள் வானத்துக்குப் பூசிய அதே நீலம்
குடலில் சீசியத்தைப் பிடித்துக்கொண்டு
சாணத்தோடு வெளியேறும்.
மூன்று வாரத்தில் பாதி.
உடம்புக்கு ஒரு கணக்கு, மலைக்கு ஒரு கணக்கு.
சாணம் விழுவதும் இந்த மலையில்தான்,
அதை நான் தோர்கிரிமிடம் சொல்வதில்லை,
அவருக்குத் தெரியும்.

ஆந்தா கொம்பை விடுகிறான்.
கடா உடலைச் சிலிர்த்து நாலடி ஓடி நிற்கிறது,
கிலோவுக்கு நாலாயிரம் முறை, ஒவ்வொரு நொடியும்,
தனக்குள் ஏதோ ஒன்று வேறொன்றாவது தெரியாமல்
ஒரு தும்மல் போடுகிறது.

குழலைத் துணியால் துடைத்தபடி
தோர்கிரிம் நிமிராமலே கேட்கிறார்:
"அடுத்தது எது?"