எக்கோ நட்சத்திரம்

தலவாக்கலை டவுன், பாமசிக்கு மேலே அறை.
இரவு பதினொன்றே முக்காலுக்கு
பழைய சி நூலகத்தைத் தூக்கிவிட்டு
சின்னதாய் ஒன்றை வைக்கப் போனேன்.
தூக்கியது சரியாக நடந்தது.
வைப்பதற்குத்தான் ஒரு கட்டளையும் மிஞ்சவில்லை.

நகலெடுக்கச் சொன்னேன். நகர்த்தச் சொன்னேன்.
பட்டியலாவது கொடு என்றேன்.
'அப்படியொரு கோப்பு இல்லை.'
பொய். கோப்பு கிடந்த இடத்திலேயே கிடக்கிறது,
அதை எழுப்பிவிடுகிற ஆளைத்தான் தூக்கிவிட்டேன்.
இந்தப் பதில் எனக்குப் புதிதுமில்லை.
லயத்துக் காம்பராவுக்கு இலக்கம் கிடையாது என்று
தோட்டத்து ஒபிஸிலேயே தேங்கிய கடிதங்களில்
என் கெம்பஸ் கடிதமும் ஒன்று.
நாங்கள் அங்கேதான் இருந்தோம்.

இரேஷா போனில் கத்துகிறாள்:
"ஷெல்லை மட்டும் மூடிராதே!
முழிச்சிருக்கிறது முழிச்சபடியே இருக்கும்."
பேட்டரி செத்து ஒரு வருடம்.
மழைக்கு பல்ப் இரண்டு தரம் மங்கி எழுந்தது.

எக்கோ. ஓர் இடைவெளி. ஒரு நட்சத்திரம்.
ஷெல்லின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிற சொல் அது,
வெளியே யாரிடமும் கைமாற்று வாங்காது.

வந்தன,
வரிசையில்லாமல், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு
எல்லாப் பெயர்களும்.
நடுவில், மார்கழியில் நானே
எதிலும் சாயாமல் கட்டிவைத்து
மறந்துபோன பிஸிபொக்ஸ்.

பன்னிரண்டு நாற்பதுக்கு
பழைய நூலகம் பழைய இடத்தில்.
புதியதை நாளைக்குப் பார்க்கலாம்,
முதலில் வேறொரு அடைவில்.
"ஏய், என்னாச்சு?" என்கிறாள் இரேஷா.
பட்டியல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்,
தேவையில்லாமல்,
நான்காவது தடவையாக.