அடைப்புக்குறிக்குள்

பத்து நிமிடம் எழுத்து, பத்து நிமிடம் ஓய்வு.
பிறகு யெனோ வந்து என் நாற்காலியில் உட்காருவான்,
சட்டைக்கையில் பாப்பி விதைக் கேக்கின் துணுக்குகளோடு.
ஜன்னலுக்கு வெளியே டான்யூப் தன்பாட்டுக்குப் போகும்.
உறுப்பினர் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுப்பது என் வேலை.
சபை செய்வதை
அடைப்புக்குறிக்குள் போட வேண்டும்.

அவன் முதல்முறை எழுந்தது
கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்.
ரயில்நிலையக் கழிப்பறைக்குக் கட்டணம் கூடாது என்றான்.
அதே மூச்சில்
இந்த நாட்டைக் காப்பாற்ற என்னைவிட்டால் ஆளில்லை என்றான்.
(சிரிப்பு)
(எல்லாத் தரப்பிலும் சிரிப்பு)

அடுத்த தேர்தலுக்குப் பின்:
(வலப்பக்கம் கைதட்டல்)
அதற்கடுத்ததில் பக்கத்தைக் குறிப்பிடத் தேவையிருக்கவில்லை.

நீதிபதிகளின் ஓய்வு வயதைக் குறைத்த அன்று
உணவகத்தில் புளிச்செர்ரி சூப்.
வானொலி வாரியத்தைக் கலைத்த அன்று எனக்குப் பல்வலி.
வலி ஞாபகமிருக்கிறது, விவாதம் இல்லை;
விவாதம் பதினொரு நிமிடம்,
அதில் ஒரு நிமிடம் யெனோவுடையது.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்பார்கள்.
அவன் எதையும் பிடுங்கவில்லை.
தீர்மானம் கொண்டுவந்தான், வாக்குக்கு விட்டான்,
எண்ணிக் காட்டினான், நன்றி சொன்னான்.
எண்ணிக்கையை எழுதியவள் நான்.
ஒரு காற்புள்ளி பிசகவில்லை.

'நெருக்கடி தீரும்வரை மட்டும்'
ஆரம்பத்தில் நான்கு குறிகள்.
இப்போது ஒரே வளைவு போதும்,
கை அவ்வளவு பழகிவிட்டது.

கெலெமென் இபோயா பேசிக்கொண்டிருக்கும்போது
ஒலிவாங்கி அணைந்தது.
அவள் நிறுத்தவில்லை. உதடுகள் அசைந்தன,
கழுத்து நரம்பு புடைத்தது.
நான் அவளுக்கு ஆறடி தூரத்தில் இருந்தேன்.
கேட்டது.
(மௌனம்) என்று எழுதினேன்.
தலைமைப் பதிவாளர் அதையும் அடித்துவிட்டார்:
மௌனம் பதிவுக்குரியதல்ல, விதி பதினேழு.

யெனோ இப்போது கிராஸ் நகரில் டிராம் ஓட்டுகிறான்.
கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்புகிறான்,
ஒன்றும் எழுதாமல், பெயர் மட்டும் போட்டு.
அவன் நாற்காலியில் ஓர் இயந்திரம்.
அதற்கு ஓய்வு வேண்டாம்.
(அனைவரும் எழுந்து நிற்கிறார்கள்)
என்பதை அதுவே போட்டுக்கொள்கிறது,
சிலசமயம் அவர்கள் எழுவதற்கு முன்பே.

நேற்று காப்பகத்தில்
பழைய குறிப்பேடுகளைப் பெட்டியில் அடுக்கச் சொன்னார்கள்.
தூணுக்குப் பின்னாலிருந்து அவன் பேசிய பக்கத்தைத் தேடினேன்.
கழிப்பறை, கட்டணம், நாடு,
எல்லாம் என் நேர்த்தியான கோடுகளில்.
(சிரிப்பு) என்ற இடத்தில் மட்டும்
பென்சில் வழுக்கி
மூன்று வரி கீழே இறங்கியிருக்கிறது.

சுருக்கெழுத்தாளர் சிரிக்கக் கூடாது என்பது விதி மூன்று.
அச்சுப் பிரதியில் அது தெரியாது.