ஐந்தாம் பூச்சு காயும்வரை

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
ஹாலிஃபாக்ஸில் உப்பிடுவது மாநகராட்சி.
பிப்ரவரி முழுக்க நினைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்,
நானும் டெல்ஃபிஸும்,
ஒன்பது மாடிக் காப்பீட்டுக் கட்டடத்தில்,
இரவு பத்திலிருந்து.

வாசல் மிதியடியைத் தாண்டிப் பதினைந்தடிக்கு
வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருக்கும்.
வெறும் தண்ணீரில் துடைத்தால்
போனதுபோல் போய்
காய்ந்ததும் வந்து நிற்கும், கடன்காரன் மாதிரி.
அதற்கென்று ஒரு நீலத் திரவம் உண்டு,
லேசான புளிப்பு வாடையோடு.
பத்து நிமிடம் ஊறவிடு என்பான் டெல்ஃபிஸ்.
ஊறவிடப் பொறுமையில்லாதவர்கள்தான்
மேலாளர் ஆகிறார்கள் என்றும் சொல்வான்.

கம்பளம் வேறு கதை.
ஏழாம் மாடியில்
காப்பி இயந்திரத்துக்குப் போகும் வழி
ஒற்றையடிப் பாதையாய் நரைத்திருக்கிறது.
மேலாளர் அறை வாசலில் ஒரு வட்டம்:
கதவைத் தட்டலாமா என்று
நின்றவர்கள் மிதித்தது.
வருடத்துக்கொரு முறை சதுரங்களைப் பெயர்த்து
அலமாரிக்கடியில் புத்தம்புதிதாய்க் கிடப்பதை
வாசலுக்கு மாற்றுவோம்.
யாரும் கவனித்ததில்லை.

ஜன்னலோரம் நாற்பத்திரண்டாம் மேசை.
நாற்காலிக்கு முன்னால் இரண்டு குதிகால் குழிகள்,
இடது கொஞ்சம் ஆழம்.
மேசைக்கால் பள்ளமென்றால் ஒரு பனிக்கட்டி போதும்;
வைத்துவிட்டுப் போனால் உருகி,
விடிவதற்குள் இழை எழுந்து நிற்கும்.
இதற்கும் ஒருமுறை வைத்துப் பார்த்தேன்.
ஈரம்தான் மிச்சம்.
அழுந்தியதல்ல அது, தேய்ந்தது.

அன்றைக்குக் கீழ்த்தளம்.
பழைய மெழுகைச் சுரண்டி,
இரண்டு முறை அலசி,
ஒவ்வொரு பூச்சாக இழுத்து வந்தோம்,
எட்டு வடிவத்தில், பின்னால் நடந்தபடி.
மூன்று மணிக்கு ஐந்தாவது.
கயிறு கட்டி, மஞ்சள் பலகை வைத்து,
டெல்ஃபிஸ் சாண்ட்விச்சைப் பிரிக்கும்போது
லிஃப்ட் திறந்தது.

கோட்டும் பூட்ஸுமாய் ஓர் அம்மாள்.
வாசலுக்கும் அவருக்கும் நடுவே
நாற்பதடி ஈரம்,
விளக்குகளைத் தலைகீழாய் ஏந்திக்கொண்டு.

"எவ்வளவு நேரம் ஆகும்?"
"நாற்பது நிமிடம்."

வாளியைக் கவிழ்த்துப் போட்டேன். உட்கார்ந்தார்.
லிஃப்ட் கதவு அவர் பையில் முட்டி முட்டித் திரும்பியது.
இறால் படகொன்று மூழ்கிவிட்டதாம்.
மூன்று பேர் கரையேறிவிட்டார்கள், படகு ஏறவில்லை.
"மூழ்கினதுக்கு ஆதாரம் கேக்கறாங்க,
காலைல எட்டு மணிக்குள்ள."
டெல்ஃபிஸின் அப்பா படகுக்காரர்.
பாதி சாண்ட்விச்சை நீட்டினான்.
துறைமுகத்தில் மூடுபனிச் சங்கு ஊதியது.

நான்தான் வாயை விட்டேன்:
"ஜன்னல் காத்து ரொம்பக் குளிருதா?"
நிமிர்ந்தார்.
"உங்களுக்கு எப்படித் தெரியும்?"
"நாற்காலி நாலு விரல் உள்ளே தள்ளியிருக்கு,
நவம்பரிலேருந்து."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு பெயர் கேட்டார்.
வெர்லின் என்றேன்.
மூரியல் என்றார்.
பதினோரு வருடம் ஒரே மாடி.
அவர் பெயர்ப்பலகையை
வாரத்தில் ஐந்து நாள் துடைக்கிறேன்;
அதைச் சொல்லவில்லை.

முப்பத்தைந்தாம் நிமிடம்
வெளியே டாக்ஸி ஹாரன் அடித்தது.
"போலாமா?"
டெல்ஃபிஸ் கூரையைப் பார்த்தான்.
பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
சுவரோரமாய், காலுறையோடு,
தூங்கும் குழந்தையைத் தாண்டுகிறவர்போல் போனார்.
கதவருகே மட்டும் ஒரு கணம் தடுமாறி
முழுப்பாதம் ஊன்றினார்.

டெல்ஃபிஸ் மாப்பை எடுத்தான்.
குனிந்து பார்த்தேன்.
ஐந்து விரலும் தெளிவாய் இல்லை.
குதிகால் மட்டும்.
இடது.

விடு, காயட்டும் என்றேன்.
ஏழு மணி வெளிச்சம்
கிழக்குக் கண்ணாடி வழியாகச் சாய்வாய் விழுந்தால்தான்
அது தெரியும்,
அதுவும் குனிகிறவர்களுக்கு.
அதற்குள் வெளியே உப்பு வண்டி
இன்னொரு சுற்று வந்துவிட்டது.